சூடு போட்ட பலகைகள்

அத்தியாயம் 14

"கன்டெய்னருக்குக் கல்யாணமா?" என்றார் தமிழ்ச்செல்வன்.

அவர் மனைவி லலிதா மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கூடத்தில் நின்றபடியே இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க. பொண்ணு ஆர்மூரு. மாப்பிள்ளை ஹாம்பர்க். நான் தரகு."

"தரகுக்கே பட்டா?"

"பொண்ணு வீட்டுக்காரங்க வேன் புடிச்சு வர்றாங்க. நான் மட்டும் சாதா நூல் புடவையில போயி நின்னா நல்லாவா இருக்கும்?"

தமிழ்ச்செல்வன் சிரித்துக்கொண்டே ஷூ லேஸைக் கட்டினார். கடிகாரம் மாதிரி தினமும் ஒரே நேரத்துக்கு வந்து நிற்கும் கம்பெனி பஸ், முனையில் ஹாரன் அடித்தது. அரசாங்கக் கம்பெனியில் வேலை என்றால் மற்றதெல்லாம் எப்படியோ, பஸ் மட்டும் தப்பாது.

லலிதா இந்த நாளுக்காக எத்தனை அலுவலகப் படிகளில் ஏறி இறங்கினாள் என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காகச் சுருக்கமாக: செகந்திராபாத்தில் ஒரு ஏற்றுமதி ஏஜென்ட் ஆபீசில் பல வருஷம் வேலை பார்த்தவள், அதை விட்டுவிட்டு மாடி அறையில் சொந்தமாக ஒரு மேஜை போட்டாள். பெரிய கம்பெனிகள் அவளிடம் வரவில்லை. நிஜாமாபாத் ஜில்லா ஆர்மூர் பக்கத்திலிருந்து மஞ்சள் விவசாயிகள் வந்தார்கள். தரகர் கேட்ட விலைக்கே கொடுத்துப் பழகியவர்கள். வெளிநாட்டுக்கு நேராக அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் லலிதா பயந்தாள்.

லைசென்ஸ் வாங்கினாள். மஞ்சளை ரோட்டில் காயவைக்காமல் தார்ப்பாயில் காயவைக்கச் சொல்லி, சண்டை போட்டு, சாதித்தாள். சோதனைச் சாலையில் சாயம் இல்லை, பூஞ்சை இல்லை என்று எழுதி வாங்கினாள். ஜெர்மனியில், ஹாம்பர்க்கில் ஒரு சின்ன மசாலாக் கம்பெனி சரி என்றது. இன்று முதல் கன்டெய்னர்.

"அம்மா, கைக்கு இத்தனை டென்ஷன்?" என்று கேட்டுக்கொண்டே மகள் ரோகிணி மாடியிலிருந்து இறங்கினாள். கச்சிபௌலியில் மென்பொருள் வேலை. வளர்ந்தது முழுக்க ஹைதராபாத் என்பதால் அவள் தமிழில் மூன்று பாஷை இருக்கும்; 'ஏன்' என்பதற்கு 'கைக்கு', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ'. "நின்னுட்டே சாப்பிட நக்கோ. உக்காரு."

"உக்காந்தா புடவை கசங்கும்."

"நானும் வரணும்னு இருந்தேன். மேனேஜர் லீவு இல்லைன்னுட்டான்."

ரோகிணியின் டீம், எங்கோ ஒரு கப்பல் கம்பெனிக்காக எழுதிக்கொண்டிருந்தது. திரையில் தினமும் ஆயிரம் கன்டெய்னர் நம்பரைப் பார்க்கிறவள், நிஜக் கன்டெய்னரை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. அவளுக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு.

"சாயந்திரம் ஆறரை மணிக்கு ரயில் ஏறும். அதுக்குள்ள வந்துரு. தொட்டுப் பாக்கலாம்" என்றாள் லலிதா.

*

சனத்நகரில் கன்டெய்னர்கள் ரயிலேறும் அந்த டிப்போவுக்கு அவள் ஆட்டோவில் போய் இறங்கியபோது, ஆர்மூர் லாரிகள் ஏற்கெனவே வந்து நின்றன. நீளமான தகரக் கொட்டகை முழுக்க மஞ்சள் வாசனை. புதுச் சாக்குகள் அடுக்கடுக்காக இறங்கியிருந்தன. கொட்டகைக்கு முன்னால், வாயைத் திறந்துகொண்டு நீலக் கன்டெய்னர் நின்றது.

வேனிலிருந்து ஆண்களும் பெண்களுமாக இறங்கினார்கள். சங்கத்தின் தலைவர் கங்காரெட்டி வெள்ளை வேட்டியில் பளிச்சென்று இருந்தார். கையில் தேங்காய், கற்பூரம்.

"அம்மா, இதுதானா?" என்று தெலுங்கில் கேட்டார், கன்டெய்னரைக் காட்டி.

"இதேதான்."

"எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்து ரூம்பைவிடப் பெருசா இருக்கே" என்றார் அவர் மனைவி கங்கவ்வா.

ஓரமாக மரத்தட்டுகள் அடுக்கியிருந்தன. இரண்டு அடுக்குப் பலகைகளை இடைவெளிவிட்டு ஆணியடித்துச் சேர்த்த தட்டு. அதன் மேல் சாக்குகளை அடுக்கிக் கட்டி, தூக்கு வண்டியால் அப்படியே தூக்கிக் கன்டெய்னருக்குள் வைத்துவிடலாம். அவற்றைச் செய்து கொடுத்தது துரைராஜ். தமிழ்ச்செல்வனின் தம்பி. லோத்குண்டாவில் மரப்பெட்டிக் கடை வைத்திருந்தான். மிலிட்டரி ஆபீசர்களுக்கு மாற்றல் வரும்போதெல்லாம் பீங்கானும் பீரோவும் ஏற்ற மரப்பெட்டி அடிக்கிறவன். இப்போது அட்டைப்பெட்டியோடு மூவர்ஸ் கம்பெனிகள் வந்துவிட்டதில் அவன் தொழில் படுத்துவிட்டது. அதனால்தான் லலிதா இந்த ஆர்டரை அவனுக்குக் கொடுத்தாள். ஏற்றுமதி மரத்தட்டு என்று ஒரு புதுவழி திறந்தால் பிழைத்துக்கொள்வானே என்று.

துரைராஜ் அங்கேயே நின்றான். புதுமாப்பிள்ளை போலச் சட்டையை இஸ்திரி போட்டிருந்தான்.

"பாத்துக்கோங்க அண்ணி. ஒண்ணுகூட ஆடாது. முத்திரையெல்லாம் பளிச்சுன்னு விழுந்திருக்குது."

ஒவ்வொரு தட்டின் பக்கவாட்டிலும் கருகருவென்று சூடு போட்டிருந்தது. கோதுமைக் கதிர் மாதிரி ஒரு படம், பக்கத்தில் எழுத்து, நம்பர். ஐரோப்பாவுக்குப் போகும் எந்த மரத்துக்கும் இந்த முத்திரை வேண்டும். மரத்தைச் சூளையில் வைத்து, உள்ளே இருக்கிற பூச்சி, முட்டை எல்லாம் சாகும்படி சூடாக்கியாயிற்று என்பதற்கு அடையாளம். அனுமதி வாங்கிய சூளைக்காரர்கள் மட்டும்தான் போடலாம்.

லலிதா கைப்பையை ஒரு தட்டின் மேல் வைத்துவிட்டு, சுங்க அதிகாரியிடம் பேசப் போனாள். அவர் காகிதங்களைப் பார்த்தார், சாக்குகளில் ஒன்றைத் திறக்கச் சொல்லி மோந்து பார்த்தார், தலையாட்டினார். "மதியத்துக்கு மேல் சீல் வைத்துவிடலாம்."

திரும்பி வந்து பையை எடுத்தாள். அடிப்பக்கம் ஈரமாக இருந்தது.

தண்ணீர் எதுவும் சிந்தவில்லை. அவள் குனிந்து பலகையில் உள்ளங்கையை வைத்தாள். ஜில்லென்று இருந்தது. சூளையில் வெந்த மரம் காய்ந்த அப்பளம் போல இருக்கும். இது நேற்றோ முந்தாநாளோ அறுத்த பச்சை மரம். விளிம்பில் பட்டை அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. பட்டையை நகத்தால் நெம்பினாள். அடியில் ஊசி நுழைகிற மாதிரி ஒரு துளை. துளையிலிருந்து மாவு போல மரத்தூள் உதிர்ந்து அவள் விரலில் ஒட்டியது.

உள்ளே எதுவோ உயிரோடு தின்றுகொண்டிருந்தது.

"தம்பி, இங்க வா."

துரைராஜ் வந்தான். அவள் விரலைக் காட்டினாள். அவன் முகத்தில் இருந்த மாப்பிள்ளைக் களை அப்படியே இறங்கியது.

"சூளைக்காரங்ககிட்ட வாங்குன பலகையா இது?"

"அண்ணி…"

"வாங்குனியா, இல்லையா?"

"போனேனுங்க. அங்க வரிசையில நாலு பேரு நிக்கிறாங்க. அடுத்த வாரம்தான் கெடைக்கும்னாங்க. நீங்க தேதியைச் சொல்லிச் சொல்லிக் கேட்டுட்டே இருந்தீங்க. தட்டு இல்லாம உங்க கன்டெய்னர் நின்னு போயிருச்சுன்னா நான் மூஞ்சியைக் காட்ட முடியுமா?"

"அப்ப இந்த முத்திரை?"

அவன் தரையைப் பார்த்தான். "பழைய தட்டு ஒண்ணு கெடந்துச்சு. அதப் பாத்து ஒரு கொல்லர்கிட்ட இரும்புல அச்சு பண்ண வெச்சேன்."

"நம்பரு?"

"அதுல இருந்த நம்பரேதானுங்க."

"யாரோ ஒருத்தரோட நம்பரு" என்றாள் லலிதா.

துரைராஜ் குரலைத் தாழ்த்தினான். "அண்ணி, ஆபீசரே பாத்துட்டாருங்க. ஒண்ணும் சொல்லலை. உள்ள ஏத்திக் கதவைச் சாத்திட்டா யாரு பாக்கப் போறா? அடுத்த தடவை சத்தியமா சூளைப் பலகைதான்."

லலிதா விரலில் ஒட்டிய தூளைத் தேய்த்துப் பார்த்தாள். பொய் சொல்லக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அவன் சொன்னதும் உண்மை. யாரும் பார்க்காமலே போகலாம். பத்துக் கன்டெய்னரில் ஒன்றைத்தான் அங்கே திறந்து பார்ப்பார்கள்.

கங்கவ்வா கன்டெய்னரின் கதவுக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். எட்டாத இடத்துக்கு எம்பி எம்பி வைத்தாள்.

அந்த ஒன்று இதுவாக இருந்தால் மஞ்சள் முழுக்கத் திரும்பி வரும். இல்லையென்றால் அங்கேயே எரிப்பார்கள். ஒரு வருஷ வெள்ளாமை. அப்புறம் இவர்கள் பழைய தரகரிடமே போய் நிற்க வேண்டும், அவர் சிரிப்பார். சரி, பிடிபடாமலே போனால்? அந்தப் பூச்சி மட்டும் ஊர் போய்ச் சேரும். அங்கே எவனோ ஒருவன் வளர்க்கிற மரத்தில் ஏறும். அவனும் ஒரு விவசாயிதான்.

"இறக்கி வெச்ச தட்டு ஒண்ணுகூட உள்ள போகாது" என்றாள்.

"அண்ணி, வேற தட்டு இன்னிக்குக் கெடைக்காதுங்க!"

"தெரியும்."

"அப்ப எல்லார்கிட்டயும் என்னன்னு சொல்வீங்க?"

"இருக்கறதச் சொல்வேன்."

"இத்தனை பேர் முன்னால என்னைத் திருடனாக்கப் போறீங்களா? உங்களுக்காகத்தானுங்க இதச் செஞ்சேன்!"

அவன் பைக்கை உதைத்து, கிளப்பி, திரும்பிப் பார்க்காமல் கேட்டைத் தாண்டிப் போய்விட்டான்.

*

கங்காரெட்டியிடம் சொல்வது, அவள் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. தொடங்கி, நிறுத்தி, மறுபடி தொடங்கினாள்.

"பெரியவரே, இந்த மரம் சரியில்லை. சூடாக்காத மரம். முத்திரை பொய். செய்தது என் வீட்டுக்காரருடைய தம்பி. அவரை நம்பி, சோதித்துப் பார்க்காமல் விட்டது நான்."

கங்காரெட்டி தேங்காயை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினார்.

"எங்க மஞ்சள் சரியா இருக்குதில்ல?"

"மஞ்சளில் ஒரு குறையும் இல்லை."

"அப்ப மஞ்சள் மட்டும் போகட்டும். மரத்தை யாரு கேட்டா?"

"மரத்தட்டில் அடுக்கி அனுப்புவதாக வாங்குகிறவர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் சம்மதித்தால் சாக்குகளைத் தரையிலேயே அடுக்கலாம். கன்டெய்னருடைய தரைப்பலகை மருந்து ஏற்றியது, அதற்குத் தடையில்லை. ஆனால் தூக்கு வண்டி வேலைக்கு ஆகாது. ஒவ்வொரு சாக்காகக் கையால் ஏற்ற வேண்டும். மூட்டை தூக்கும் டிப்போ ஹமாலிகள் இன்றைக்கு வேறு ரயிலில் இருக்கிறார்கள்."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு திரும்பி, தன் ஆட்களைப் பார்த்து ஏதோ சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள்.

"என்ன சொன்னீர்கள்?"

"மூட்டை தூக்க ஆள் இல்லைன்னு மேடம் கவலைப்படறாங்கன்னு சொன்னேன். கவலையே வேண்டாம்மா, நாங்களே தூக்கிருவோம். நீங்க அந்த ஜெர்மனிக்காரங்களைக் கேளுங்க."

கேட்பதற்கு ஹாம்பர்க்கில் இன்னும் பொழுது விடிந்திருக்கவில்லை.

லலிதா மகளுக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொன்னாள். "நான் சொல்றத மெயில்ல எழுதி அனுப்பறயா, கண்ணு?"

"மெயிலா? அவங்க எப்போ பார்ப்பாங்களோ. ஃபோன்ல பேசணும் அம்மா."

"எனக்கு அவங்க பேசறது புரியாது. என் இங்கிலீஷ் எழுதறதோட சரி."

"நான் லைன்ல இருக்கேன். ஆபீஸ் திறக்கிற நேரத்துக்குக் கான்ஃபரன்ஸ் போடறேன். புரியலைன்னா நான் சொல்றேன். ஆனா பேசறது நீதான். இத்தனை மாசம் எழுதினது யாரு?"

வெயில் ஏறியது. கொட்டகை நிழலில் ஆர்மூர்க்காரர்கள் கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். சோளரொட்டியும் பச்சைமிளகாய்ச் சட்னியும் லலிதாவின் கையில் வந்து விழுந்தன. பட்டுப்புடவையோடு அவள் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டாள். கசங்கினால் கசங்கட்டும்.

போன் அடித்தது. மறுமுனையில் ஹாம்பர்க் மசாலாக் கம்பெனி அம்மாவின் குரல், எழுத்தில் இருந்ததைவிட வயசானதாக, இளகியதாக இருந்தது. லலிதா மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்ததெல்லாம் மறந்துபோனது. இருந்த இங்கிலீஷில் நேராகச் சொன்னாள். மரத்தட்டின் முத்திரை பொய். என் ஆள் செய்த தவறு. நான் அதை அனுப்ப மாட்டேன். சாக்குகளைத் தரையில் அடுக்கட்டுமா?

ரோகிணி மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

பிறகு அந்த அம்மா கேட்டாள். "இதை உங்களுக்கு யார் கண்டுபிடித்துச் சொன்னார்கள்? சுங்கமா?"

"யாரும் இல்லை. நானே பார்த்தேன்."

அந்த அம்மா படபடவென்று பேசினாள். லலிதாவுக்குப் பாதிதான் புரிந்தது.

"ஒத்துக்கிட்டாங்க அம்மா!" என்று குறுக்கே கத்தினாள் ரோகிணி. "தரையிலும் பக்கத்திலும் தடிமனான பிரவுன் பேப்பர் விரிக்கணுமாம். ஈரம் உறிஞ்சற பைகளைக் கூடுதலாத் தொங்கவிடணுமாம். அவங்க ஆளுங்க அங்கே கையால இறக்கிக்குவாங்களாம். அப்புறம்…"

"அப்புறம் என்ன?"

"தேங்க்யூன்னு சொன்னாங்க. ரெண்டு தடவை."

*

சுங்க அதிகாரியிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் ஒரு தட்டின் பட்டையை உரித்துப் பார்த்தார். தான் பார்க்காமல் விட்டதில் அவருக்குக் கொஞ்சம் சங்கடம். காகிதத்தில் திருத்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கையால் ஏற்ற டிப்போ சூப்பர்வைசரிடம் அவரே சொல்லி அனுமதி வாங்கித் தந்தார். "ரயில் நேரத்தை மாற்ற என்னால் முடியாதும்மா" என்று மட்டும் சொன்னார்.

பிரவுன் பேப்பர்தான் சிக்கலானது. அந்த அகலத்துக்குத் தடித்த தாள் சனத்நகர்க் கடைகளில் இல்லை. ஈரம் உறிஞ்சும் பைகள் அவள் முன்பு வேலை பார்த்த ஏஜென்ட் ஆபீசிலிருந்து வந்துவிட்டன. தாள் இல்லாமல் ஒரு மூட்டையும் உள்ளே போக முடியாது.

அப்போது தமிழ்ச்செல்வன் ஆட்டோவில் வந்து இறங்கினார். அரை நாள் லீவு போட்டிருந்தார். மனைவியின் முதல் கன்டெய்னருக்கு ஒரு டப்பா நிறைய மைசூர்பாகு வாங்கி வந்திருந்தார். விஷயம் கேட்டதும் டப்பாவை அப்படியே கீழே வைத்தார்.

"எங்கே அவன்?"

"ஏனுங்க, விடுங்க."

"என்ன விடறது? உன் பேரைக் கெடுக்கப் பாத்திருக்கான். எங்கப்பன் பேரையும் சேத்து. இன்னிக்கு அவனை…"

"அவசரப்படுத்துனது நானுங்க. முடியலைன்னு என்கிட்டச் சொல்ல அவனுக்கு பயமா இருந்திருக்குது. அதுல என் பங்கும் இருக்குது. இப்பத் திட்டற வேலை வேண்டாம். பேப்பர் தேடற வேலையிருக்குது."

அவர் வாயை மூடிக்கொண்டு, செல்போனை எடுத்துத் தெரிந்த கடைகளையெல்லாம் கூப்பிட ஆரம்பித்தார்.

கேட்டில் ஒரு மினி லாரி ஹாரன் அடித்தது. அதன் பின்பக்கம் இரண்டு ஆட்கள். நடுவே உருளை உருளையாகத் தடித்த பழுப்புத் தாள். முன்பக்கத்திலிருந்து துரைராஜ் இறங்கினான். காலையில் போட்ட இஸ்திரிச் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

அவன் அண்ணனைப் பார்க்கவில்லை. நேராக லலிதாவிடம் வந்தான்.

"ரோகிணி போன் பண்ணுச்சுங்க. பீங்கானுக்குச் சுத்தற தாளு. கடையில இருந்ததெல்லாம் கொண்டாந்துட்டேன். தட்டையெல்லாம் இந்த வண்டியிலயே திருப்பி ஏத்திக்கறேன். முத்திரையை இழைச்சு எடுத்துட்டு அடுப்புக்குப் போட்டுருவேன்."

"பட்டறையில அச்சு இருக்குதே?"

"வரும்போதே கொல்லர்கிட்டக் குடுத்துட்டு வந்தேன். என் கண்ணு முன்னாலயே அடிச்சு நெளிச்சுட்டாருங்க."

தமிழ்ச்செல்வன் அவன் எதிரில் வந்து நின்றார்.

"ஏண்டா, சாப்பிட்டயா?" என்றார்.

"இல்லீங்கண்ணா."

"இதத் தின்னுட்டுத் தாளை விரி" என்று மைசூர்பாகு டப்பாவை நீட்டினார்.

துரைராஜ் அதை வாங்கிக்கொள்ளாமல் கங்காரெட்டியிடம் போனான். அவன் தெலுங்கு லோத்குண்டாத் தெலுங்கு, பாதி ஹிந்தி. என்ன பேசினான் என்று லலிதாவுக்குக் கேட்கவில்லை. இரண்டு கையும் கூப்பியிருந்தான். கங்காரெட்டி அந்தக் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டு, கன்டெய்னரைக் காட்டினார். வேலையைப் பார் என்கிற மாதிரி.

தாள் விரிந்தது. இரண்டு வரிசையாக நின்று சாக்குகளைக் கை மாற்றினார்கள். கங்கவ்வா உள்ளே நின்றுகொண்டு, வெங்காயம் அடுக்குவது போல இடைவெளியில்லாமல் அடுக்கச் சொல்லி அதட்டினாள். "பைலம், பைலம்" என்று, ஜாக்கிரதை சொல்லிக்கொண்டே இருந்தாள். தமிழ்ச்செல்வன் சட்டைக் கையை மடித்துவிட்டு வரிசையில் நின்றார். பத்துச் சாக்குக்கெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் அவருக்கு எண்ணுகிற வேலை கொடுத்தார்கள். அதையும் இரண்டு தடவை தப்பாக எண்ணி, பெண்களிடம் பேச்சு வாங்கினார்.

வெயில் சாய்ந்தபோது ரோகிணி ஓடி வந்தாள். மேனேஜரிடம் என்ன சொல்லிவிட்டு வந்தாளோ, கழுத்தில் அடையாள அட்டை இன்னும் தொங்கியது. நேரே போய்க் கன்டெய்னரின் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"சுடுது!" என்று சிரித்தாள். "ஸ்க்ரீன்ல இது சுடும்னு தெரியவே இல்ல."

கடைசிச் சாக்கைக் கங்காரெட்டியும் துரைராஜும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றினார்கள். கதவைச் சாத்தினார்கள். அதிகாரி சீல் வைத்தார். கங்காரெட்டி தேங்காயை உடைத்தார். அது சரிபாதியாக உடைந்ததில் ஆர்மூர்க்காரர்களுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

பெரிய வண்டி ஒன்று வந்து நீலக் கன்டெய்னரைக் கவ்வித் தூக்கி, ரயில் மேல் வைத்தது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். யாரும் கைதட்டவில்லை. கங்கவ்வா மட்டும் மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறவள் போலப் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"மழை பெய்ஞ்சா நனையாதே?" என்று கேட்டாள்.

"நனையாது" என்றாள் லலிதா. அவள் பட்டுப்புடவை முழுக்க மஞ்சள் தூள். துடைக்க நினைத்தாள், அப்படியே விட்டுவிட்டாள்.

*

வீட்டுக்கு வந்து, குளித்து, எல்லாருமாகக் கூடத்தில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டார்கள். துரைராஜையும் விடாமல் கூட்டி வந்திருந்தார்கள். ரோகிணி ஹாம்பர்க் அம்மாவின் குரலில் பேசிக் காட்டினாள். தமிழ்ச்செல்வன் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டே, தான் எண்ணியதுதான் சரி என்று இன்னமும் வாதாடினார். லலிதாவுக்கு ரொம்ப நாளைக்கப்புறம் வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

"அடுத்த மாசம் சூளைக்காரங்ககிட்ட நானே போய்ப் பேசறேன்" என்றாள். "அவங்க பலகையை நீ வாங்கி அடிச்சா, அவங்க முத்திரையே போட்டுத் தருவாங்க. அதுக்கும் ஒரு வழி இருக்குது. உன் கடையை விட்டுற வேண்டாம்."

துரைராஜ் தோசையைப் பிட்டான், வாயில் வைக்கவில்லை.

"அண்ணி, இன்னொண்ணு இருக்குதுங்க."

"உங்க தட்டோட சேத்து, அதே அச்சுல ஒரு பத்துத் தட்டு வேற போட்டேன். போயின்பள்ளியில ஆரோக்கியசாமின்னு ஒருத்தர். சின்ன வியாபாரி. மண்பொம்மை, ஜாடி எல்லாம் வாங்கி அனுப்புவாரு. அவருக்குக் குடுத்துட்டேன்."

"எந்த ஊருக்கு அனுப்பறாரு?"

"ஆஸ்திரேலியாவுக்குங்க."

லலிதா தட்டைக் கீழே வைத்தாள். மரத்தில் ஒரு துளை தெரிந்தாலும் விடாத ஊர் அது.

"நீங்க வர வேண்டாமுங்க. நானே பேசிக்கறேன்" என்றான் துரைராஜ் அவசரமாக. "காலையில நீங்க கங்காரெட்டிகிட்ட எப்படித் தொடங்குனீங்கன்னு மட்டும் சொல்லுங்க. எனக்கு முதல் வார்த்தை வர மாட்டேங்குது."

"நல்லா ஒண்ணும் தொடங்கலை. மூணு தடவை நிறுத்துனேன். தப்பு என்னுதுங்கறத முதல்லயே சொல்லிட்டா மத்ததெல்லாம் தானா வந்துரும்."

அவன் எழுந்து கையைக் கழுவினான். போனை எடுத்து, நம்பரை அழுத்தினான். மறுமுனையில் மணி போவது எல்லாருக்கும் கேட்டது.

"ஆரோக்கியசாமி சாருங்களா? நான் லோத்குண்டா மரப்பெட்டிக் கடை துரைராஜ் பேசறேனுங்க. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். உங்களுக்குக் குடுத்த தட்டுல இருக்கற முத்திரை நிஜம் இல்லீங்க. அத ஏத்தாதீங்க. வேற தட்டு என் செலவுல…"

அவன் நின்றான். கேட்டான்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினான்.

"அண்ணி… நேத்தே ரயில் ஏறிருச்சாமுங்க."

தமிழ்ச்செல்வன் மனைவியைப் பார்த்தார். ரோகிணியும் பார்த்தாள்.

லலிதா எழுந்து கையைக் கழுவித் துடைத்துக்கொண்டாள். நாற்காலியைத் துரைராஜுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"போனைக் குடு தம்பி" என்றாள். "ரயில்தானே ஏறியிருக்குது? இன்னும் கப்பல் ஏறலை."